கடைசி மடுவை இறைக்கலாமா?
கோடையில் கண்மாய் மீன் பிடிப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

பங்குனி பிறந்தால் தென்மாவட்டக் கண்மாய்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கத் தொடங்கும். நெல் அறுப்பு முடிந்து, மடை திறக்க வேண்டிய வேலையும் முடிந்திருக்கும். சித்திரை நடுவில் பார்த்தால், கடல் போலக் கிடந்த பெரிய கண்மாயின் உள்வாய் முழுக்க வெடித்த களிமண்ணும் காய்ந்த கோரையும்தான். ஆனால், கருவேலங்காட்டுக்கு அந்தப் பக்கம், வண்டி போகாத இடத்தில் ஒரு மடு மட்டும் தண்ணீரோடு கிடக்கும். கொக்கும் நாரையும் அங்கே வட்டமிடுவதை வைத்தே ஊருக்குத் தெரிந்துவிடும், மிச்ச மீனெல்லாம் அங்கேதான் ஒதுங்கியிருக்கிறது என்று.

அந்த மடுவில் மீன் பிடிப்பதில் தவறில்லை. கோடையில் கிராமத்து வீடுகளுக்குக் கிடைக்கும் நல்ல சத்துணவு அது. ஆனால், டீசல் இன்ஜினை வைத்து மடுவை அடிமட்டம் வரை இறைத்து, சேற்றைக் கிளறி, விரல் நீளக் குஞ்சுவரை அள்ளும் பழக்கம் இப்போது பல ஊர்களில் வந்துவிட்டது. அப்படி அள்ளிய கண்மாய்க்கு அடுத்த மழையில் தண்ணீர் வரும். நாட்டு மீன் வருமா என்பதுதான் கேள்வி.

மடு எங்கே உருவாகிறது?

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. இவற்றில் பெரும்பாலானவை மழைக்காலத்தில் நிறைந்து, கோடையில் வற்றிவிடக் கூடியவை. 'நாரை பறக்காத 48 மடை' என்று சொல்லப்படும் ராமநாதபுரம் மாவட்டத்து ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாயாக இருந்தாலும், வானம் பார்த்த சிறிய ஊருணியாக இருந்தாலும் இதே கதைதான். அகலம் அதிகம், ஆழம் குறைவு. வெயில் ஏற ஏறத் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே போகும்.

அப்படி வற்றும் கண்மாயிலும் 3 இடங்களில் தண்ணீர் தங்கும். முதலாவது, வரத்துக்கால் வந்து விழும் இடம். வெள்ளம் வேகமாக இறங்கி மண்ணை அரித்த பள்ளம் அது. இரண்டாவது, கழுங்குக்கு வெளியே மறுகால் தண்ணீர் விழுந்து குடைந்த குழி. மூன்றாவது, கரை உயர்த்துவதற்காகவோ வயலுக்கு வண்டல் எடுப்பதற்காகவோ வெட்டிய பள்ளம். முதல் இரண்டும் காலங்காலமாக இருந்துவரும் மடுக்கள். இவை பெரும்பாலும் சரிவாக இறங்கும். மூன்றாவது, இயந்திரம் வெட்டியது. அது செங்குத்தாக இறங்கும். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. உயிர் போகும் இடம் பெரும்பாலும் இந்த மூன்றாவது பள்ளம்தான்.

போக வழியில்லாததுதான் மடுவுக்குக் காவல். சுற்றிலும் நாட்டுக்கருவேலும் சீமைக்கருவேலும் அடைத்து நிற்கும். முள்ளைத் தாண்டினால் முழங்கால் சேறு. பிடித்த மீனைத் தலையில் சுமந்துதான் கரை ஏற வேண்டும். அதனாலேயே முன்பெல்லாம் ஆசைக்கு 4 பேர் போய், குழம்புக்குத் தேவையானதைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்கள். மிச்சம் தானாகவே தப்பியது. இப்போது டிராக்டரும் இன்ஜினும் உள்வாய் வரை இறங்கிவிடுகின்றன. காவல் போய்விட்டது.

விட்டால் முட்டையிடும் மீன், விட்டாலும் முட்டையிடாத மீன்

மடுவில் கிடக்கும் மீன்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால், எதைப் பிடிக்கலாம், எதை விட வேண்டும் என்பது எளிதாக விளங்கும்.

கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை குத்தகைக்காரர் குஞ்சு வாங்கி விட்ட மீன்கள். இவை ஓடும் ஆற்று வெள்ளத்தில் முட்டையிடும் இனங்கள். தேங்கிய கண்மாய்த் தண்ணீரில் வளருமே தவிர, பெருகாது. 1957-ம் ஆண்டு ஜூலை 10-ம் தேதி, ஒடிசாவில் விஞ்ஞானி ஹிராலால் சௌத்ரியும் அவருடன் இருந்தவர்களும் ஊசி மூலம் இந்த இனக் கெண்டைகளை முட்டையிட வைத்துக் காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் பண்ணைகளில் குஞ்சு உற்பத்தி பெருகியது. அந்த நாளைத்தான் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். ஆக, மடுவில் கிடக்கும் கட்லாவை விட்டுவைப்பதால் கண்மாய்க்கு லாபம் எதுவுமில்லை. வெயிலில் தண்ணீர் சூடேறினால் முதலில் சாவதும் அதுதான். அதைத் தாராளமாகப் பிடிக்கலாம்.

விரால், குரவை, கெளுத்தி, தேளி, பனையேறிக் கெண்டை, அயிரை, ஆரல், உளுவை, சிறு கெண்டைகள் இவையெல்லாம் யாரும் காசு கொடுத்து வாங்கி விடாத மீன்கள். கண்மாயிலேயே முட்டையிட்டுப் பெருகுபவை. இவற்றில் விரால், குரவை, தேளி, பனையேறிக் கெண்டை நான்கும் தண்ணீருக்கு மேலே வந்து காற்றைச் சுவாசிக்கக் கூடியவை. அதனால்தான் மற்ற மீன் செத்து மிதக்கும் கலங்கலிலும் இவை உயிரோடு இருக்கின்றன. தண்ணீர் அற்றுப்போனாலும், ஈரச் சேற்றுக்குள் புதைந்து மழைக்காகக் காத்திருக்கும் திறமை விராலுக்கு உண்டு.

ஐப்பசி மழையில் கண்மாய் பெருகியதும், மடுவில் பிழைத்த இந்த மீன்கள் புதுத் தண்ணீரில் பரவும். ஏறக்குறைய ஓர் அடி நீளம் வந்த விரால், கரையோரப் புல்லை ஒதுக்கி இடம் செய்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில் திரளாக மேலே மிதக்க, பெரிய மீன் அடியில் நின்று காவல் காக்கும். மறுகால் பாயும்போது அடுத்த கண்மாய்க்கும், மடை திறக்கும்போது வயலுக்கும் இந்தக் குஞ்சுகள் போய்ச் சேரும். மேல் கண்மாயின் மடுவைத் துடைத்து எடுத்தால், கீழே சங்கிலித் தொடராக இருக்கும் கண்மாய்களும் அந்த இழப்பைச் சுமக்க வேண்டியிருக்கும்.

சுருக்கமாகச் சொன்னால், மடு என்பது நாட்டு மீனுக்கு விதைக்கோட்டை. பஞ்சம் வந்தாலும் விதைநெல்லைக் குத்திச் சாப்பிடாத விவசாயி, விதை மீன் விஷயத்திலும் அதே கணக்கைப் போட வேண்டும்.

வெளியேற்ற வேண்டிய மீன்கள்

ஜிலேபி மீன் 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. குஞ்சுகளை வாயில் வைத்துக் காப்பாற்றும் இனம் என்பதால் தேங்கிய தண்ணீரிலேயே வேகமாகப் பெருகி, மற்ற மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மடுவில் கிடைக்கும் ஜிலேபியைச் சிறிது, பெரிது பார்க்காமல் எடுத்துவிடலாம்.

ஆப்பிரிக்கக் கெளுத்தி இன்னும் ஆபத்தானது. இதை வளர்க்க இந்தியாவில் 2000-ம் ஆண்டிலேயே தடை விதிக்கப்பட்டது. பண்ணைக்குட்டையிலிருந்து தப்பி வந்து கண்மாயில் சேர்ந்துவிட்டால், கண்ணில் பட்ட நாட்டு மீனையெல்லாம் விழுங்கிவிடும். உடம்பில் பளிங்குக்கல் போலத் திட்டுத் திட்டாகக் கறையும், தட்டையான பெரிய தலையும் இருக்கும். நாட்டு ரகம் ஒரு கிலோவை எட்டுவதே அரிது. இதுவோ பல கிலோ வளரும். வலையில் சிக்கினால் திரும்பத் தண்ணீரில் விடவே கூடாது.

எந்த நேரம், எந்தக் கருவி?

மடுவுக்குப் போக நல்ல நேரம் விடியற்காலை. வெயிலுக்கு முன் போய், 9 மணிக்குள் கரை ஏறிவிட வேண்டும். விரால் இரை எடுப்பதும் அதிகாலையிலும் அந்தி நேரத்திலும்தான். பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் ஓரமாகத் தூண்டில் போட்டு, சிறு தவளை அல்லது உயிருள்ள கெண்டைப்பொடியை இரையாகக் குத்தினால் விரால் எடுக்கும். கெளுத்திக்கு மண்புழு. கெண்டைக்குப் பிசைந்த மாவு போதும்.

இடுப்பளவுக்குக் குறைந்த தண்ணீரில் ஊத்தா நல்ல கருவி. மூங்கிலில் முடைந்த இந்தக் கூடைக்கு அடியும் மேலும் திறந்திருக்கும். அசைவு தெரியும் இடத்தில் கவிழ்த்து அழுத்தி, மேல்வாய் வழியே கையை விட்டுத் துழாவினால் உள்ளே மாட்டிய மீன் அகப்படும். ஒரு நேரத்தில் ஒரு மீன். வேண்டாததை அப்படியே விட்டுவிடலாம் என்பதுதான் இதன் சிறப்பு.

வலை போடுவதாக இருந்தால், இரண்டு விரல் தாராளமாக நுழையும் கண்ணி இருக்க வேண்டும். கொசுவலையால் அரித்தால் அடுத்த வருடத்து மீனும் சேர்ந்து போகும். அமிழ்த்திக் கட்டும் வலையை நெடுநேரம் விடக் கூடாது. மேலே வந்து காற்றெடுக்க முடியாவிட்டால் விரால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் செத்துவிடும்.

மழைக்காலத்தில் குஞ்சுத் திரளோடு நிற்கும் விராலைப் பிடிக்கவே கூடாது. குஞ்சைக் காக்கும் வேகத்தில் எதை வீசினாலும் பாய்ந்து கடிக்கும் என்பதால், அதைப் பிடிப்பது எளிது. ஆனால், காவல் மீனைத் தூக்கிய மறுநிமிடமே மற்ற மீன்களும் பறவைகளும் திரளைத் தின்று தீர்த்துவிடும். ஒரு மீனுக்காக ஒரு தலைமுறை போய்விடும்.

வெடி, விஷம் இரண்டும் கூடவே கூடாது. 1897-ம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே இவற்றைக் குற்றம் என்கிறது. பூச்சிமருந்து கலந்த மடுவில் ஆடு, மாடு வாய் வைத்தால் நிலைமை என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். மின்கம்பியில் கொக்கி போட்டு மீன் பிடிப்பவர்கள், மீனுக்கு முன் தாங்களே பலியாகிறார்கள்.

தூரத்து மீனைக் கெடாமல் கொண்டுவர

மடுவுக்கும் வீட்டுக்கும் இடையே முள்ளும் வெயிலுமாக ஒன்றிரண்டு மைல் இருக்கும். பாதி மீன் கெடுவது இந்த வழியில்தான். விரால், தேளி, குரவை போன்றவற்றை ஈரச் சாக்கில் சுற்றியோ, கால்வாசி தண்ணீர் ஊற்றிய குடத்திலோ உயிரோடு கொண்டுவரலாம். குடத்தை விளிம்புவரை நிரப்பி மூடக் கூடாது. காற்றுக்கு இடம் வேண்டும். உயிர் விரலுக்குத்தான் சந்தையில் விலை. செத்த மீனுக்கு அந்த விலை கிடைக்காது.

கட்லா, ரோகு பிடித்த உடனே செத்துவிடும். குடலை எடுத்து, கழுவி, இலை தழையால் மூடி நிழலில் வைக்க வேண்டும். விற்பனைக்கு என்றால் மீனின் எடைக்குச் சமமாக ஐஸ் போட வேண்டும். ஐஸ் கொண்டுபோக வழியில்லை என்றால், சுமக்கக் கூடிய அளவோடு நிறுத்திக்கொள்வதே லாபம்.

சேறு, முள், விஷக்கடி

மடுவில் இறங்குமுன் நீண்ட கம்பால் ஆழம் பார்ப்பது கட்டாயம். இயந்திரம் வெட்டிய பள்ளத்தில் முழங்கால் தண்ணீருக்கு அடுத்த அடி ஆளை மூழ்கடிக்கும் ஆழமாக இருக்கலாம். நீச்சல் தெரிந்தவரும் சேற்றில் கால் புதைந்தால் மேலே வர முடியாது. தனியாகப் போகக் கூடாது. கூடவே ஒரு கயிறும் வேண்டும். கோடை விடுமுறையில் பிள்ளைகள் மீன் பிடிக்கப் போகும் இடம் எது என்று பெரியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கால் சேற்றில் சிக்கினால் துள்ளாமல், உடம்பைப் பின்னால் சாய்த்துப் படுத்தபடி காலை மெல்ல உருவ வேண்டும்.

தண்ணீர்ப் பாம்பு கடித்தால் விஷமில்லை. முள் புதரில் கிடக்கும் விரியன் அப்படியல்ல. கடித்தது எது என்று தெரியாவிட்டால், கட்டுப்போடாமல், கீறாமல், நேராக அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தேளி, கெளுத்தியின் முள் குத்தினால் கடுமையாகக் கடுக்கும். பொறுக்கக் கூடிய சூட்டில் வெந்நீரில் கையையோ காலையோ அரைமணி நேரம் அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். முள் உள்ளே முறிந்திருந்தாலோ, வீக்கம் ஏறினாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஜூன் 30 என்ற கணக்கு

மடுவை அடியோடு இறைப்பதற்குப் பேராசை மட்டும் காரணமல்ல. மீன்பாசி குத்தகை பசலி ஆண்டுக் கணக்கில் ஓடுகிறது. ஜூலை 1-ல் தொடங்கி, ஜூன் 30-ல் முடியும் ஆண்டு அது. கண்மாயில் தண்ணீர் மிகக் குறைவாக இருக்கும் மாதத்தில்தான் குத்தகைக் காலமும் முடிகிறது. அடுத்த ஏலம் தனக்குக் கிடைக்குமா என்று தெரியாத குத்தகைக்காரர், மடுவில் மீனை எதற்காக விட்டுவைப்பார்? போட்ட பணத்தை எடுக்க, கடைசிச் சொட்டு வரை இறைக்கத்தான் செய்வார். அவரைக் குறை சொல்வதைவிட, ஏல நிபந்தனையை மாற்றுவதுதான் வழி.

இதை ஊர் பேசுவதற்கு ஏற்ற நாள் மே 1 கிராமசபை. ஏலத்துக்கு முன்பே வருகிறது. மடுவும் கண் முன்னால் கிடக்கிறது. ஊராட்சிக் கண்மாய் என்றால் நேரடியாகவும், நீர்வளத்துறைக் கண்மாய் என்றால் துறைக்கு அனுப்பும் தீர்மானமாகவும் 4 விஷயங்களைக் கேட்கலாம்.

ஒன்று, மடுவை இன்ஜின் வைத்து இறைக்கக் கூடாது. இரண்டு, மடுவில் கால் பங்கு 'வலை போடாத மூலை'யாக இருக்க வேண்டும். நான்கு பக்கமும் கொம்பு நட்டு, உள்ளே வெட்டிய கருவேல முள்ளைப் போட்டுவிட்டால் போதும். முள் கிடக்கும் இடத்தில் வலை இழுக்க முடியாது; மீனுக்கும் நிழல் கிடைக்கும். மூன்று, கொசுவலைக்குத் தடை. நான்கு, முடிந்த இடங்களில் ஓராண்டுக்குப் பதிலாகப் பல ஆண்டுக் குத்தகை. அடுத்த வருடமும் தன் கையில்தான் கண்மாய் என்று தெரிந்தவர், விதை மீனைத் தானே காப்பாற்றுவார்.

இது புதிய யோசனையும் அல்ல. மதுரை, சிவகங்கை, திண்டுக்கல், புதுக்கோட்டை மாவட்டங்களில் அறுவடைக்குப் பிறகு நடக்கும் மீன்பிடித் திருவிழாவுக்கும் ஒழுங்கு உண்டு. ஊர்ப் பெரியவர்கள் வெள்ளைத் துண்டை வீசும் வரை யாரும் தண்ணீரில் இறங்க மாட்டார்கள். பிடித்த மீனை விற்காமல் வீட்டில் சமைத்து, உறவுகளோடு சாப்பிட வேண்டும் என்ற கட்டுப்பாடும் பல ஊர்களில் உண்டு. ஒரு துண்டு வீச்சுக்குக் கட்டுப்படும் ஊர், நான்கு கொம்புக்கும் கட்டுப்படும்.

கோடையில் அந்த மடுதான் ஆடு, மாடுகளுக்கும் பறவைகளுக்கும் கடைசித் தண்ணீர். அதைக் காப்பாற்றக் கூடுதல் செலவு எதுவும் இல்லை. இறைக்காமல் விட்டால் போதும்.

வாசகர்கள் கேட்கும் கேள்விகள்

விடியற்காலையில் மடுவில் மீன்கள் வாய் பிளந்து மிதக்கின்றன. யாராவது விஷம் கலந்திருப்பார்களா?

பெரும்பாலும் இது பிராணவாயுக் குறைவு. சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவாகவே கரையும். இரவில் பாசியும் அதை எடுத்துக்கொள்வதால், சூரிய உதயத்துக்குச் சற்று முன்பு மிகவும் குறைந்துபோகும். கட்லா, ரோகு மட்டும் தவித்து, வெயில் ஏறியதும் தெளிந்தால் பயமில்லை. அவற்றை உடனே பிடித்துவிடலாம். பகல் நேரத்தில் விரால், தவளை, நத்தை எல்லாம் சேர்ந்து செத்தால் விஷமாக இருக்கலாம். அந்த மீனைச் சாப்பிடவோ, மாடுகளை இறக்கவோ கூடாது.

மடுவில் பிடித்த விரால் குஞ்சுகளைப் பண்ணைக்குட்டையில் வளர்க்கலாமா?

வளர்க்கலாம். ஆனால், கெண்டைக் குஞ்சு விட்ட குட்டையில் விட்டால் அவற்றைத் தின்றுவிடும். ஒரே அளவுள்ளவற்றைச் சேர்த்து விட வேண்டும்; இல்லாவிட்டால் பெரியது சிறியதைத் தின்னும். 10 லிட்டர் தண்ணீரில் 200 கிராம் கல்லுப்பைக் கரைத்து, அதில் 2 நிமிடம் வைத்து எடுத்து விட்டால் ஒட்டுண்ணிகள் குறையும். மழை நாளில் கரை ஏறி வெளியேறும் என்பதால் சுற்றிலும் வலை கட்டுவது அவசியம். ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சு கலந்திருக்கிறதா என்று பார்த்து விட வேண்டும். ஒரு திரளை முழுதாக அள்ளாமல், பாதியையாவது கண்மாயிலேயே விட வேண்டும்.

குத்தகைக்கு விட்ட கண்மாயின் மடுவில் தூண்டில் போடலாமா?

மீன் உரிமை குத்தகைதாரருடையது. பல ஊர்களில் வீட்டுத் தேவைக்குத் தூண்டில் போடுவதை அவர்கள் தடுப்பதில்லை. ஆனாலும், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதே முறை. பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கண்மாய் என்றால், வனத்துறையின் அனுமதி இல்லாமல் இறங்கவே கூடாது.